தோ என்றால் எத்தனை?

சௌகார்பேட்டையில், தங்கசாலைத் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ரிப்பனும் ஜரிகையும் பட்டனும் மொத்த விலைக்கு விற்கும் கடையில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். ஒருநாள் மூட்டை எடுக்க வந்த காசிமேட்டு அண்ணன் வாசலில் நின்றபடி தன் மூன்று சக்கர வண்டியைக் கையால் காட்டி, "தோ" என்றார். ராஜஸ்தானத்திலிருந்து வந்து நான்கு நாள்கூட ஆகாத பையன் உள்ளே ஓடினான். திரும்பி வரும்போது தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு மூட்டை. "ஒண்ணுதான நைனா பில்லுல கீது?" என்றார் அண்ணன். பையன் என்னைப் பார்த்து, "தோ போலா நா!" என்றான். இரண்டு என்று சொன்னாரே என்கிறான். அவர் சொன்னது "இதோ". இவன் கேட்டது "இரண்டு". அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது பையன் இன்னொரு சந்தேகத்தையும் கேட்டான்: அந்த ஆள் ஏன் என்னைக் கண்கள், கண்கள் என்று கூப்பிடுகிறார்? இந்தியில் "நைனா" என்றால் கண்கள்.

இரண்டு சொற்களுக்கும் அவனுக்கு விளக்கம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. ஒரே ஒலி இரண்டு மொழிகளில் இரண்டு பொருளில் வந்தால் அது தற்செயலா, கடனா, உறவா? வடசென்னையில் இந்தக் கேள்வி தினமும் காதில் விழுகிறது. ராயபுரத்தில் தெலுங்கு, மண்ணடியில் உருது, சௌகார்பேட்டையில் மார்வாரி, குஜராத்தி, இந்தி. வியாசர்பாடியிலோ பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள். இத்தனைக்கும் நடுவில் நம்முடைய தமிழ்.

முதலில் "தோ"வை எடுத்துக்கொள்கிறேன். தமிழில் சொல்லின் முதலில் வரும் வல்லின எழுத்தை அழுத்தித்தான் சொல்வோம். "தோசை", "தோணி", "தோள்" என்று சொல்லிப் பாருங்கள். "இதோ" என்னும்போது அதே தகரம் இரண்டு உயிருக்கு நடுவில் இருப்பதால் மெலிகிறது. நம் பேச்சில் முன்னாலிருக்கும் "இ" உதிர்ந்து "தோ" ஆகும்போது, மெலிந்த அந்தத் தகரம் மெலிந்தபடியே நிற்கிறது. அதனால்தான் "தோ பாரு" என்பதில் வரும் தோ, "தோசை"யில் வரும் தோ போல ஒலிக்காமல் இந்திக்காரர் இரண்டுக்குச் சொல்லும் தோ போலவே ஒலிக்கிறது. பையனின் காதில் பிழை இல்லை.

இதே எழுத்துக்கு இன்னும் இரண்டு பொருள் இந்தத் தெருக்களிலேயே கிடைக்கும். "கொடு" என்பதற்கும் இந்தியில் தோதான். தெலுங்கில் "நாதோ ரா" என்றால் "என்னோடு வா". அங்கே தோ "ஓடு" என்னும் உருபு, தகரம் மட்டும் அழுத்தமானது. கொரிய மொழியில் இதற்கு நெருங்கிய ஒலி "உம்" என்று பொருள் தரும். ரஷ்ய மொழியில் "வரை". லத்தீனில் "கொடுக்கிறேன்". இத்தனையில் ஒரேயொரு ஜோடிக்குத்தான் ரத்த சம்பந்தம்: லத்தீனின் "கொடுக்கிறேன்", இந்தியின் "கொடு". இரண்டுமே லத்தீனுக்கும் வடமொழிக்கும் பொதுவான "தா" என்ற பழைய வேரிலிருந்து வந்தவை. மற்றவை எல்லாம் வழியில் எதிர்ப்பட்ட அந்நியர்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதைக் கணக்கே சொல்லிவிடும். தமிழின் உயிர்மெய் 216. நன்னூல் கணக்குப்படி ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை மட்டும் 42. பூ, தீ, கை, வா, போ, மா என்று பிள்ளைகளும் சொல்வார்கள். உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள் இருக்கின்றன. எல்லாருக்கும் இருப்பது அதே உதடு, அதே நாக்கு, அதே பல். குட்டிக் குட்டிச் சொற்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் அதிசயம். நம் "கை" மாவோரி மொழியில் சாப்பாடு, ஹவாய் மொழியில் கடல். நம் "கல்" இந்தியில் நேற்றும் நாளையும். பூக்கடைப் பக்கம் மல்லிகை விற்கும் அம்மா "பூ, பூ" என்று கூவும்போது, பாரசீகச் சொற்கள் புழங்கும் உருதுக் காதுக்கு அது "வாடை, வாடை" என்று கேட்கலாம். "பூ" அங்கே மணம். "குஷ்" சேர்ந்தால் நறுமணம், "பத்" சேர்ந்தால் நாற்றம்.

பொருளும் சேர்ந்து ஒத்துப்போகும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். 1960களில் ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியின் சொற்களைச் சேகரித்தார். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். "டாக்" என்று பதில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொல்லாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். இல்லை. பக்கத்து மொழிகளில் நாய்க்குக் "குடகா", "குடா" என்று சொற்கள் உண்டு. ம்பாபரம் மொழியில் பழைய சொற்களின் முதல் அசை உதிர்ந்துவிடும். குடகா அப்படித்தான் தேய்ந்து டாக் ஆனது. நாம் "இதோ"வின் தலையைத் தட்டித் "தோ" ஆக்கியது மாதிரிதான். ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாரசீகத்தில் "பத்" என்றால் கெட்ட, ஆங்கிலத்தில் "பேட்" என்றால் கெட்ட, அதுவும் இப்படித்தான். மலாயில் கண் "மாதா", இன்றைய கிரேக்கத்தில் கண் "மாதி". ஒன்றை ஒன்று பார்த்ததுகூட இல்லை.

கடன் வந்த சொற்களின் கதை வேறு. அங்கே மூலம் ஒன்றுதான். பொருள் மட்டும் ஊருக்கு ஊர் குடிபெயர்ந்துவிடும். என் மனசுக்கு மிக நெருக்கமான உதாரணம் நாஸ்தா. வண்ணாரப்பேட்டையில் காலையில் பார்க்கிறவர் எல்லாம் "நாஸ்தா துன்னியா?" என்பார்கள். பாரசீகத்தில் "நாஷ்தா" என்றால் ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு இருப்பது. அந்த வெறும் வயிற்றைக் கலைக்கும் உணவுக்கு உருதுவில் அந்தப் பெயரே நின்றது. அங்கிருந்து நம்மிடம் வந்தபோது அது இட்லியும் வடகறியும் ஆகிவிட்டது. ஒரு சொல் பட்டினியிலிருந்து புறப்பட்டு சாப்பாட்டில் வந்து சேர்ந்திருக்கிறது.

"ரெண்டு தபா சொன்னேன்" என்கிறோமே, அந்தத் தபா அரபியின் "தஃபா". உருதுவில் அதுவே சட்டப் பிரிவுக்கும் பெயர். மாமூல் என்ற அரபுச் சொல்லுக்குச் செய்யப்பட்டது, வழக்கமானது என்று பொருள். இந்தியில் "மாமூலி" என்றால் சாதாரணம். நம்மூரில் வழக்கமாகக் கொடுக்க வேண்டிய காசு என்பதிலிருந்து நேரே லஞ்சத்துக்கு வந்துவிட்டது. சிரியா, லெபனான் பக்கம் பேரீச்சம்பழம் அடைத்த ஒரு பிஸ்கட்டுக்கும் அதே பெயர்.

கலீஜை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மண்ணடியிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போன என் சிநேகிதன் முதல் வாரமே கூப்பிட்டான். "இங்க பேப்பர் பேரே கலீஜ்டா!" என்றான். அவன் பார்த்தது கலீஜ் டைம்ஸ் பத்திரிகை. அந்தக் கலீஜ் அரபியில் வளைகுடா. நம் கலீஜ், உருது வழியாக வந்த வேறொரு அரபுச் சொல். அரபியில் அதற்குத் தடித்தது, முரடானது என்று பொருள், உருதுவில் அழுக்கு. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் அரபியில் வெவ்வேறு. தமிழ் எழுத்தில் எழுதியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சில சமயம் ஒரே சொல் என்று நாம் நினைப்பது நம் எழுத்து செய்துவைத்த வேலை.

வடசொற்களில் இந்த இடமாற்றம் இன்னும் அழகு. "அவசரம்" நமக்கு வேகம், தெலுங்கருக்குத் தேவை, மலையாளிக்கும் இந்திக்காரருக்கும் வாய்ப்பு. "சம்சாரம்" வடமொழியில் உலக வாழ்வு, தமிழில் மனைவி, தெலுங்கில் குடும்பம், மலையாளத்தில் பேச்சு. "உபன்யாசம்" நமக்குக் கோயில் மண்டபத்தில் நடப்பது; இந்தியில் நாவல். எங்கள் கடைச் சேட்டின் மருமகள் ஒருநாள் "நேற்று ராத்திரி முழுக்க உபன்யாஸ் படித்தேன்" என்று சொல்ல, கடையில் இருந்த பெரியவர் அவர் பக்தியை மெச்சினார். "கேவலம்" இந்தியில் "கேவல்", "மட்டும்" என்று பொருள். தனியாக இருப்பது, அது மட்டுமே, அவ்வளவுதானா, இழிவு என்று படிப்படியாக இறங்கி நம்மிடம் வந்திருக்கிறது. "கஸ்மாலம்" என்று திட்டுகிறோமே, அந்தச் சொல் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் வாயில் வருகிறது: இந்தக் கலக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அர்ஜுனனைக் கேட்கும் இடம். மெட்ராஸ் பாஷையைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். சமஸ்கிருதம், உருது, தெலுங்கு, போர்த்துகீசியம் என்று இத்தனை வாசலும் திறந்திருக்கும் வழக்கு வேறு எந்த ஊரில் இருக்கிறது?

இனி பர்மா. 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறித் திரும்பின. அவர்களுக்காகப் பிறந்ததுதான் பாரிமுனை அருகில் இருக்கும் பர்மா பஜார். பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் போனால் அத்தோ கடைகளில் பெரிய தட்டு நிறைய நூடுல்ஸை வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். "அத்தோ" என்ற பெயரே பர்மிய மொழியில் இப்படிப் பிசைந்து கலந்ததைக் குறிக்கும் சொல்லின் தமிழ் வடிவம். முதன்முதலாகக் கேட்கிற நம்மவர், "அதோ" என்று எதையோ காட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதும் உண்டு.

அந்த மொழியில் "சா" என்றால் சாப்பிடு. நமக்கு "சா" என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ரங்கூனில் பிறந்த பாட்டி ஒருவர், "அங்க வீட்டுக்கு வந்தவங்கள மொதல்ல கேக்கறதே சாப்டாச்சான்னுதான்பா. தமீன் சா பீபிலா?" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் திருப்பிச் சொன்னதும் தலையை ஆட்டினார். "நீ சொன்ன சா சாப்பாடு இல்ல, கடுதாசி." குரலைக் கீழேயே வைத்துச் சொன்னால் "சா" எழுத்து, கடிதம். மேலே ஏற்றி இழுத்தால்தான் சாப்பாடு. வெட்டிச் சொன்னால் தொடங்கு. சீனத்தின் "மா"வும் இதே கதைதான். குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, வசவு. ஆக, பர்மிய "சா"வும் தமிழ்ச் "சா"வும் ஒன்று என்று நான் சொன்னதே அரைகுறை. அந்த மொழிக்காரருக்கு அது மூன்று சொல்.

அப்படியானால் உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்கான பதில்களில் ஒன்று இந்த ஊரிலேயே பிறந்தது. எல்லிஸ் துரை என்று நாம் அறிந்த ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ் அப்போது சென்னையின் கலெக்டர். தெலுங்கும் தமிழும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்று கல்கத்தாவின் அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு 1816இல் எல்லிஸ் ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை தமக்குள் ஒரு குடும்பம், சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல என்று காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல், ராயபுரம் ரயில் நிலையம் திறந்த அதே வருஷத்தில் வந்தது. அதற்கு 40 வருஷம் முந்தியது எல்லிஸின் வேலை. அந்தப் பெருமையை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அந்த முறையின் உயிர், ஒற்றைச் சொல்லைப் பார்க்காமல் வரிசையைப் பார்ப்பதில் இருக்கிறது. நம் "அவன்" தெலுங்கில் "வாடு", நம் "இவன்" அங்கே "வீடு". ராயபுரத்தில் சின்ன வயதில் "வாடு", "வீடு" என்று காதில் விழும்போதெல்லாம் பூ வாடுவதும் குடியிருக்கும் வீடும்தான் எனக்கு ஞாபகம் வரும். அது தற்செயல். உண்மையான உறவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அவன் வாடு ஆகிறான், இவன் வீடு ஆகிறான், அவர் வாரு ஆகிறார், இவர் வீரு ஆகிறார். முன்னால் இருந்த உயிர் இடம் மாறி உள்ளே போய் நெடிலாக நிற்கிறது. ஒரு சொல்லில் நடந்தால் விபத்து. சொல்லுக்குச் சொல் அதே மாதிரி நடந்தால் விதி. கன்னடத்தில் பால் "ஹாலு", பல் "ஹல்லு", பத்து "ஹத்து", புலி "ஹுலி" என்பதும் அப்படித்தான். பகரம் போன இடத்திலெல்லாம் ஹகரம்.

"சாலா" என்ற ஒரே வடிவத்தில் உறவு, தற்செயல் இரண்டையும் பார்த்துவிடலாம். தெலுங்கில் "சாலா" என்றால் மிகவும். "சால மிகுத்துப் பெயின்" என்று வள்ளுவர் சொல்லும் சாலதான் அது, ஒரே குடும்பம். இந்தியில் "சாலா" என்றால் மைத்துனன், தெருவில் அதுவே வசவு. அதற்கு மூலம் சமஸ்கிருதத்தின் "ஸ்யால". நம் சாலவோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது மறுபடி "இரண்டு"க்கு வருகிறேன். ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை. அர்மீனிய வியாபாரிகள் வாழ்ந்த தெரு; அர்மீனியன் என்பது நம் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. தெரியாத ஒலியைத் தெரிந்த சொல்லாக்கிக்கொள்வது எல்லா ஊர்ச் சனங்களும் செய்வதுதான். மலேசியாவில் "பாத்து" என்றால் கல். நாம் அதைப் பத்துமலை என்று கேட்டு, பத்தாவது மலை எது என்று எண்ணத் தொடங்கிவிட்டோம். அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய அர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகை "அஸ்தரார்" 1794இல் வெளிவந்ததும் இந்த மெட்ராஸில்தான்.

அந்த வியாபாரிகள் இரண்டு என்பதற்கு "எர்கு" என்பார்கள். கன்னடத்தில் "எரடு", தமிழில் "இரண்டு". பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் எர்குவின் உண்மையான சொந்தக்காரர் நான்கு தெரு தள்ளி சௌகார்பேட்டையில் இருக்கிறார்: இந்தியின் "தோ". கூடவே குஜராத்தி வியாபாரி இரண்டுக்குச் சொல்லும் "பே". தோ, பே, எர்கு மூன்றும் ஒரே பழஞ்சொல்லின் பேரப்பிள்ளைகள். "த்வ" என்று தொடங்கிய சொல் அது. சமஸ்கிருதத்தின் "த்வௌ" இந்தியில் தோ ஆனது, "த்வே" குஜராத்தியில் பே ஆனது. அர்மீனியத்தில் "த்வ" என்ற தொடக்கம் "எர்க்" என்று மாறும். கேட்டால் நம்ப முடியாது. ஆனால் அந்த மொழியில் அச்சத்தையும் நீளத்தையும் குறிக்கும் சொற்களிலும் இதே மாற்றம் நடந்திருப்பதை ஆந்துவான் மெய்யே என்ற பிரெஞ்சு மொழியியலாளர் எடுத்துக் காட்டினார். முகம் கொஞ்சமும் ஒத்துப்போகாத இந்த மூவரும் சொந்தம். முகம் ஒத்த எர்குவும் எரடும் அந்நியம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது, ஆதாரம் அம்மா, அப்பா, நா, நீ, நாள், புல். சொற்கள் உண்மைதான். கொரியத்தில் "நால்" என்றால் நாள், "புல்" என்றால் புல். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905லேயே புத்தகம் போட்டார். ஆனால் அவன்–வாடு, இவன்–வீடு போல, பால்–ஹாலு, பல்–ஹல்லு போல, விதி என்று சொல்லத்தக்க ஒரு வரிசையை அங்கே யாராலும் நிறுவ முடியவில்லை. அதனால்தான் மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை.

அம்மாவும் அப்பாவும் ஆதாரமே ஆகாது. குழந்தையின் வாயில் முதலில் வருவது உதடு மூடித் திறக்கும் மகரமும் பகரமும். அதைத் தங்களைக் கூப்பிடுவதாகப் பெற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் இதை விளக்கி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஜார்ஜிய மொழியில் "மாமா" என்றால் அப்பா, "தெதா" என்றால் அம்மா. ஆங்கிலக் குழந்தைக்கு "மாமா" அம்மா. நமக்கு அம்மாவின் தம்பி. குஜராத்திக் குழந்தைக்குத் "தாதா" தாத்தா, வங்காளிக்கு அண்ணன், நம் பேட்டைகளில் அந்தச் சொல்லுக்கு யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தமிழ் மேல் இருக்கும் ஆசையால்தான் அந்தச் செய்திகளை அனுப்புகிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பொய்யான சொந்தக்காரர்களைத் தேடிக் கடல் கடக்கும்போது, பக்கத்து வீட்டில் இருக்கும் உண்மையான சொந்தத்தை விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். நாங்கள் குடியிருந்த, பல குடித்தனங்கள் சேர்ந்த ராயபுரத்து ஸ்டோரில் எதிர் வீட்டுத் தெலுங்கு அத்தை, மழை வந்தால் வாசலில் விளையாடும் எங்கள் எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடுவார்: "லோபலிகி ரண்டி!" உள்ளே வாருங்கள். "லோ" எனக்குப் பல வருஷம் வெறும் அந்நிய ஒலி. பிறகு அகராதியில் பார்த்தேன்: தமிழின் "உள்", தெலுங்கின் "லோ". அவன் வாடு ஆன அதே வழியில், முன்னால் நின்ற உகரம் ளகரத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. அத்தை இத்தனை காலம் எங்களை "உள்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.